காத்தை ஈரமாக்கிற ஹியூமிடிஃபையர் மெசின் போட்ட நாளிலையிருந்து அறையெல்லாம் வெள்ளைத் தூள். என்ன பிழை விடுறன்?

பரந்தன்காரி:
வணக்கம். மகனுக்கு நாலு வயசு. போன மாதத்திலையிருந்து இரவிலை வறட்டு இருமல். கனடாவிலையிருந்து வந்த சித்தி, "ஏசிக் காத்துத்தான் தொண்டையைக் காயவைக்குது, இதைப் போடு" எண்டு தான் பாவிச்ச ஹியூமிடிஃபையரைத் தந்திட்டுப் போனா. புகைமாதிரிக் குளிர் ஆவி வாற சாதி, நாலு லீற்றர் பிடிக்கும். கிணத்துத் தண்ணி விட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலை நிலத்திலை வைச்சு விடிய விடியப் போடுறன். ஏசி 20இலை.

முதல் இரண்டு நாள் பரவாயில்லை. இப்ப அலுமாரிக் கண்ணாடி, டீவி, சாமிப்படம் எல்லாத்திலையும் மா தூவினமாதிரி வெள்ளை. துடைச்சால் அடுத்த நாள் திரும்ப வருது. மெத்தை அந்தப் பக்கம் பிசுபிசுக்குது. தாங்கியைத் திறந்தால் குளத்துச் சேறு மணக்குது. அதுக்காக யூக்கலிப்டஸ் எண்ணெய் நாலு சொட்டு விட்டன். இருமல் கூடின மாதிரியும் கிடக்கு. மெசின் பழுதோ?

மாங்குளத்தான்:
மெசின் பழுதில்லைத் தங்கச்சி, தண்ணிதான். கேத்திலுக்குள்ளை எட்டிப் பாருங்கோ. அடியிலை படிஞ்சு கிடக்கிற அதே வெள்ளைதான் இப்ப சாமிப்படத்திலை.

வவுனியா வயர்மன்:
அண்ணை சொன்னது சரி. உந்தச் சாதி மெசினுக்கு அடியிலை சின்ன வட்டத் தகடு ஒண்டு இருக்கும். அது செக்கனுக்குப் பத்து லட்சம் தரத்துக்கு மேலை அதிர்ந்து தண்ணியைத் துளித்துளியா உடைச்சு எறியும், கொதிக்கவைக்காது. கொதிச்சு வாற ஆவியெண்டால் உப்பும் சுண்ணாம்பும் சட்டியோடை நிண்டிடும். இதிலை துளியோடை சேர்ந்து அதுவும் பறக்கும். துளி காய, தூள் மிச்சம். அலுமாரியிலை படியிறது கண்ணுக்குத் தெரியுது, பிள்ளை இழுத்து மூச்சு விடுறது தெரியேல்லை, அவ்வளவுதான்.

அதுக்கு முதல் ஒரு விசயம். கனடாக் கரண்ட் 120 வோல்ட், எங்கடை 230. மெசினுக்குக் கீழை ஒட்டியிருக்கிறதை வாசியுங்கோ. 100-240 எண்டு கிடந்தால் பிளக் மாத்தினால் போதும். 120 மட்டும் கிடந்தால் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகவேண்டாம்.

பரந்தன்காரி:
ட்ரான்ஸ்ஃபோமர் சித்தியே தந்தவ, அதிலைதான் போடுறன். அப்ப தண்ணியைக் கொதிக்கவைச்சு ஆறவிட்டு ஊத்தினால் சரிவருமோ? கராஜிலை பட்டரிக்கு விடுற தண்ணியிலை உப்பே இல்லை எண்டு இவர் சொல்றார்.

வவுனியா வயர்மன்:
கொதிக்கவைச்சால் கிருமி சாகும், சுண்ணாம்பு கொஞ்சம் அடியிலை நிண்டிடும். உப்புச் சவர் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் தடிக்கும். பட்டரித் தண்ணி கணக்குக்குச் சரிதான். ஆனால் நான் பார்த்த கராஜுகளிலை அசிட்டும் தண்ணியும் ஒரே தட்டிலை, சிலநேரம் ஒரே மாதிரிப் போத்தலிலை. பிள்ளை படுக்கிற அறைக்கு அதைக் கொண்டு வரவேண்டாம். ஆர்.ஓ. தண்ணி, அதாவது மெல்லிய சவ்வாலை வடிச்சு உப்பெடுத்த தண்ணி, வாங்குங்கோ. சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து இங்கை கனபேர் குடிக்கிறதே அதுதான். தூள் முற்றாக நிக்காது, நல்லாக் குறையும்.

முருங்கன் வாத்தி:
எங்கடை பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், இந்த வெள்ளைக்கு நாங்கள் பழசு. மழைத்தண்ணியிலை உப்புக் குறைவுதான். ஆனால் கூரையிலை காகம் இருந்திருக்கும், சீமெந்துத் தொட்டியும் தன்ரை பங்குக்குச் சுண்ணாம்பு விடும். ஆவணியிலை தொட்டிக்குள்ளை பல்லிதான் கிடக்கும், அது வேறை கதை.

ஸ்காபரோவிலிருந்து ஒருத்தன்:
சித்தியிலை பிழையில்லை, இங்கை கனடாவிலை அது வேணும். 0 பாகைக் குளிர்காத்து ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 5 கிராம் நீராவிதான் தாங்கும். அதை வீட்டுக்குள்ளை 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 25 வீதத்துக்கு இறங்கும். மூக்கிலை இரத்தம் வரும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் எண்டு அடிக்கும். 30 பாகைக் காத்து 30 கிராம் தாங்கும். வன்னியிலை சோழகம் எவ்வளவு வறட்சியா அடிச்சாலும் காத்திலை தண்ணி கிடக்கு. ஏசி கொஞ்சம் உறிஞ்சும், அதுதான் வெளியிலை குழாயாலை சொட்டுறது. நீங்கள் உள்ளை ஊத்த அது வெளியிலை ஊத்துது, இரண்டுக்கும் கரண்ட் காசு கட்டுறீங்கள். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்டு வாங்கி, மெசின் போட முதல் எவ்வளவு எண்டு பாருங்கோ. 40க்குக் கீழை எண்டால் போடுங்கோ. 50ஐத் தாண்டினால் மெத்தைக்குள்ளை இருக்கிற தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

ஓய்வுபெற்ற தாதி:
மகள், முதலில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள். தாங்கிப் பிளாஸ்ரிக்கையும் வெடிக்க வைக்கும், சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயையும் எரிச்சலாக்கும். சேறு மணந்தால் உள்ளே கிருமி வளர்ந்திருக்கிறது, அதையே ஆவியாக ஊதுகிறீர்கள். தண்ணீரை நாளாந்தம் முழுவதும் ஊற்றிவிட்டுப் புதிதாக விடவேண்டும், மேலே மேலே நிரப்பக்கூடாது. மூன்று நாளைக்கு ஒருக்கால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். தகட்டிலே படிந்ததற்குப் பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் தேய்க்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் தகடு போச்சு. பிறகு நன்றாக அலசிக் காயவிடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுகிற குளோரினை வினாகிரியோடு ஒருநாளும் சேர்க்கவேண்டாம், நச்சு வாயு வரும். தாங்கித் தண்ணீருக்குள் கிருமிநாசினி எதுவும் விடவும் கூடாது. தென்கொரியாவில் இதற்கென்றே கடையில் விற்ற கிருமிநாசினியால் தாய்மாரும் பிள்ளைகளும் நுரையீரல் பழுதாகி இறந்தது 2011இல் தெரியவந்தது.

மெசினை நிலத்தில் வைக்காமல் இடுப்புயர மேசையில், கட்டிலுக்குத் தள்ளி வையுங்கள். இருமல் ஒரு மாதம் என்கிறீர்கள், அதுதான் எனக்கு யோசனை. இரண்டு கிழமை தாண்டிய இருமலை டொக்டர் பார்க்கத்தான் வேண்டும். ஏசி வலையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

பரந்தன்காரி:
ஐந்து நாள் பிந்தி வாறன், மன்னியுங்கோ. மீட்டர் எடுத்துப் பார்த்தம். மெசின் போடாமல் ஏசியோடை 58. மெசினோடை இரண்டு மணித்தியாலத்திலை 79. எனக்கே வெக்கமாப் போச்சு.

ஏசி வலையை இவர் கழட்டினார். கிரவல் றோட்டுத் தூசி கம்பளிமாதிரிப் பிடிச்சிருந்தது, இடையிலை வைக்கோல் சுணை. வீட்டுக்குப் பின்னாலை போன மாதம்தான் சிறுபோகம் வெட்டினவை, இருமல் தொடங்கினதும் அப்பதான். வலையைக் கழுவி, ஏசியை 26இலை விட்டு, மெத்தையை இரண்டு நாள் வெயிலிலை போட்டன். டொக்டரிட்டையும் காட்டினது, இழுப்புச் சாடை எண்டு பம்ப் தந்திருக்கிறார். நேற்று இரவு ஒருக்கால்தான் இருமினவன்.

இனிச் சித்தி வீடியோ கோலிலை "மெசின் எப்பிடி?" எண்டு கேட்டால் என்ன சொல்றது?

மாங்குளத்தான்:
நல்லா வேலை செய்யுது எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே. தாங்கியைக் காயவிட்டுப் பெட்டியிலை வையுங்கோ, ஈரத்தோடை மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். ட்ரான்ஸ்ஃபோமரை என்னட்டைத் தாறியளோ? எனக்கும் கனடாவிலையிருந்து ஒரு மிக்சி வந்து கிடக்கு.

வவுனியா வயர்மன்:
அண்ணை, மிக்சியின்ரை வாட்ஸ் பார்க்காமல் அதிலை செருகிப்போடாதேங்கோ. ஹியூமிடிஃபையர் இழுக்கிறது முப்பது வாட்ஸ் சொச்சம், மிக்சி அதைப்போலை பத்துமடங்குக்கு மேலை இழுக்கும்.