இது மேப்பிளா, லிக்விடாம்பரா?

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா): வாசல் மரத்துக்கு ஐந்து விரல் இலை, இங்கே இலையுதிர் காலமான மே மாதம் சிவக்குது. நர்சரியில் மேப்பிள் என்றார்கள். சரியா?

பதில்: இலை வடிவத்தை நம்பாதீங்க அண்ணா, கிளையைப் பாருங்க. மேப்பிளில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். மேப்பிள் மாதிரியே இலை உள்ள லிக்விடாம்பர் மரத்தில் மாறி மாறி. கீழே முள்ளுருண்டைக் காய் கிடந்தால் லிக்விடாம்பர்தான். மேப்பிள் காய்க்கு இரட்டைச் சிறகு.

இன்னொரு பதில்: ஜோடியில் ஒரு இலை உதிர்ந்திருந்தால் ஏமாந்துடுவோம், எதிர்ப்பக்கம் காம்புத் தழும்பு இருக்கான்னு பாருங்க. நெகுண்டோவும் மேப்பிள்தான், ஆனால் ஒரே காம்பில் 3 முதல் 7 சிற்றிலைகள். இங்கே ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கு, நடாதீங்க.

கேள்வி கேட்டவர்: மேப்பிள் தனிக் குடும்பமா?

பதில்: முன்பு அப்படித்தான். இப்போ சாப்பின்டேசி என்ற தாவரக் குடும்பத்தில் சேர்த்துட்டாங்க. லிச்சி, பூந்திக்கொட்டை, தோசைக்கு அரைக்கிற முடக்கத்தான் எல்லாம் பங்காளிகள்!