சீரியல் கில்லர் படங்கள்: உங்கள் பரிந்துரை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் ஏரியா காலேஜ் பிள்ளைகளோடு படம் போட்டுப் பார்த்துப் பேசுகிறோம். அடுத்தது சீரியல் கில்லர் த்ரில்லர். யார் துப்பறிகிறார், யார் சாகிறார், யாரைக் கொலைகாரனாக்குகிறார்கள் என்பதுதான் பேச்சு.

1991-இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ கைவசம் இருக்கிறது. லிஃப்ட் முழுக்க நெடுநெடு ஆண்கள், நடுவில் சின்னதாக அந்த எஃப்பிஐ பயிற்சி மாணவி. அந்த ஒரு ஷாட்டை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் அதன் கொலைகாரனைக் காட்டிய விதத்துக்காக அமெரிக்காவில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) போராடினார்கள். அதையும் சொல்லாமல் விட முடியாது. தமிழில் மிஷ்கினின் ‘சைக்கோ’ இருக்கிறது. பார்வையற்ற நாயகன், சக்கர நாற்காலியில் முன்னாள் போலீஸ் அதிகாரி.

இன்னும் வேண்டும். செத்துப்போன பெண் வெறும் பிணமாக வந்துபோகாமல், அவளுக்கென்று ஒரு பெயர், வேலை, வீடு என்று காட்டுகிற படம் எது? அப்புறம், எங்கள் பக்கத்து ஆட்களை ரவுடியாகவே காட்டாமல், காசிமேட்டுக்காரரோ புளியந்தோப்புக்காரரோ விசாரணை நடத்துகிற படம் ஏதாவது உண்டா? மலையாளம், கொரியன் எதுவானாலும் சரி. படத்தோடு, எந்தக் காட்சியைப் பேசலாம் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.