கம்ப்ளையன்ஸ் டிரெயினிங் வீடியோவ மியூட்ல ஓடவிட்டா கண்டுபிடிச்சிடுவாங்களா?

ஓஎம்ஆர்_ஆந்தை:
மக்களே ஒரு ஹெல்ப். வருஷா வருஷம் வர்ற டிரெயினிங்க நாளைக்குள்ள முடின்னு மெயில் மேல மெயில். போஷ் (வேலை எடத்துல பாலியல் தொல்லையத் தடுக்குறது பத்தி), இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி, கிஃப்ட் வாங்கக்கூடாதுன்னு ஒண்ணு, நாலாவது என்னன்னே மறந்துட்டேன். நைட் ஷிஃப்ட்ல கால் எடுத்துக்கிட்டே எங்க உக்காந்து பாக்குறது, சரின்னு மியூட் போட்டு ஓடவிட்டா வேற டேபுக்கு போன உடனே வீடியோ நின்னுடுது, நெக்ஸ்ட் பட்டன் சாம்பல் கலர்லயே கெடக்கு. போஷ் குவிஸ்ல ரெண்டு தடவயும் 70, பாஸுக்கு 80 வேணுமாம். மேனேஜர் லீவு நாள்ல வீட்ல முடிச்சிடுங்குறார். டீம் குரூப்ல ஆன்சர் ஸ்கிரீன்ஷாட் சுத்துது, அதப் பாத்து போட்டுடவா? யாரு செக் பண்ணப்போறா?

தயிர்சாதம்_டப்பா:
ஸ்கிரீன்ஷாட்ட நம்பாத ப்ரோ. கேள்வியையே கலைச்சு கலைச்சு போடுது. போன வருஷம் அத நம்பி 55 வாங்கினேன் 😭

முன்னாள்_எச்ஆர்:
2013ல வந்த போஷ் சட்டத்தோட 19வது பிரிவுல விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துறது முதலாளியோட கடமைன்னு இருக்கு, அதனாலதான் உங்க பேர் லிஸ்ட்ல சிவப்பா இருந்தா எச்ஆர் துரத்துறாங்க. ஆனா வீடியோதான்னோ 80 மார்க்னோ சட்டத்துல கெடையாது, அது கம்பெனி வச்ச கணக்கு. லீவு நாள்ல எதுக்கு பண்றீங்க, ஷிஃப்ட்லயே ஒரு மணி நேரம் பிளாக் பண்ணித் தாங்கன்னு மெயில்ல கேளுங்க, வாயால கேட்டா காத்தோட போயிடும். குவிஸ்ல நெறய பேர் கோட்டை விடுறது ரெண்டு எடம். புகார் குடுக்க 3 மாசம், தகுந்த காரணம் இருந்தா புகார விசாரிக்கிற ஆபீஸ் கமிட்டி இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். வேலை எடம்னா ஆபீஸ் மட்டும் இல்ல, கம்பெனி அனுப்புற கேபும் சேத்திதான்.

மல்லி_மூணுமுழம்:
கேப்னு சொன்னதும் ஞாபகம் வருது. நான் எட்டு வருஷமா இந்த குவிஸ்ல ஃபுல் மார்க். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஃப்ளோர் பொண்ணு ஒருத்தி கேப்ல கூட வந்தவன் பண்ணுனதச் சொல்லி விடியக்காலைல அழுதுக்கிட்டு நிக்கிறா, யார்கிட்ட போறதுன்னு அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல. வீடியோல வர்ற பொண்ணு ஐசிக்கு, அதான் அந்த விசாரணைக் கமிட்டிக்கு, மெயில் போடுவா, சரி, எங்க ஆபீஸ் ஐசி யாரு? 10 பேர் வேலை செஞ்சாலே அந்தக் கமிட்டி இருக்கணும், பேர் லிஸ்ட் கண்ணுல படுற மாதிரி ஒட்டணும். எங்களுது பான்ட்ரில தண்ணி கேன் அடுக்குக்கு பின்னாடி இருந்துச்சு. கேன நகத்தி பாத்தா தலைவின்னு போட்ருந்த மேடம் வேலைய விட்டே ஒரு வருஷம் ஆச்சு. கடைசில வெளி உறுப்பினர்னு போட்ருந்த என்ஜிஓ அக்காதான் போன எடுத்தாங்க, எழுத்துல குடுக்கணும், எப்டி எழுதணும்னு பொறுமையா சொன்னாங்க. குவிஸ எப்ப வேணா எழுதிக்கோ தம்பி, மொதல்ல உங்க ஃப்ளோர்ல அந்த லிஸ்ட் எங்க இருக்குன்னு பாரு.

ஓஎம்ஆர்_ஆந்தை:
இப்பதான் பிரேக்ல சுத்திப் பாத்துட்டு வந்தேன்க்கா. எங்க ஃப்ளோர்ல லிஸ்ட்டே இல்ல, கேண்டீன் மெனுவும் கிரிக்கெட் டோர்னமெண்ட் நோட்டீஸும்தான் இருக்கு. எச்ஆருக்கு மெயில் தட்டிட்டேன், அதுலயே ஒரு மணி நேரமும் கேட்ருக்கேன். குவிஸ்ல 90, கேப் கேள்வி வந்துச்சு 🙏

தயிர்சாதம்_டப்பா:
அந்த நாலாவது மாட்யூல் என்னதான்யா?

ஓஎம்ஆர்_ஆந்தை:
ஆபீஸ்ல தீப்பிடிச்சா எந்தப் படில எறங்கணும்னு. அதுவும் நம்ம பில்டிங் இல்ல, வேற ஏதோ பில்டிங் படம் போட்ருக்கான்.