பழைய லப்டொப்பில் சேர்வர் பழக எந்த லினக்ஸ்?

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். சேர்வர் நிர்வாகம் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம். இன்னும் ஒரு ஓஎஸ்ஸில் நிலைக்க முடியவில்லை.

மெஷின் திங்க்பேட் டி420, ஐ5-2520எம், 4 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. இணையம் போன் ஹொட்ஸ்பொட்டில்தான்.

முதலில் ராக்கி லினக்ஸ் 10 போட்டுப் பார்த்தேன். பூட் ஆகும்போதே கறுப்புத் திரையில் கர்னல் பேனிக் (ஓஎஸ்ஸின் மையமே நின்றுபோகும் பிழை). அதற்கு மேலே, சிபியு எக்ஸ்86-64-வி3 ஐ (புதிய சிபியுக்களின் கட்டளைத் தொகுப்பு) ஆதரிக்காது என்று ஒரு வரி. தேடினால், அதற்கு ஏவிஎக்ஸ்2 என்ற சிபியு வசதி வேண்டுமாம். இந்தப் பழைய பிராசசரில் அது இல்லை. சரி என்று உபுண்டு சேர்வர் 24.04 போட்டேன். நன்றாகவே ஓடுகிறது. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைவது), என்ஜின்எக்ஸ் (வெப் சேர்வர்) எல்லாம் அதில்தான் பழகினேன்.

அப்புறம் கல்முனையில் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். ராக்கியில் வரும் டிஎன்எஃப் (மென்பொருள் நிறுவுவது), எஸ்இலினக்ஸ் (பாதுகாப்புக் கட்டுப்பாடு), ஃபயர்வால்டி (ஃபயர்வால்) தெரியுமா என்று கேட்டார்கள். உபுண்டுவின் ஏப்டியும் (மென்பொருள் நிறுவுவது) ஆப்ஆர்மரும் (பாதுகாப்புக் கட்டுப்பாடு) மட்டும் தெரிந்த எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அதுவே மனதில் கிடக்கிறது.

ராக்கி 9 இந்தச் சிபியுவில் ஓடும், 2032 மே வரை அப்டேட்டும் உண்டு. ஆனால் இந்த மாத டேட்டாவுக்கு ஒரு ஐஎஸ்ஓ கோப்புதான் (ஓஎஸ் நிறுவும் கோப்பு) இறக்கலாம்.

அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்: உபுண்டுவிலேயே அடிப்படையை முடிக்கவா, இப்போதே ராக்கி 9க்கு மாறவா?