ஓண வாரப் பூ வண்டி: சிமுலேஷனில் சராசரி நேரம் போதுமா?

கேள்வி: தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அடுத்த மூணு நாளும் எத்தனை பூ வண்டி விடணும்னு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் மாடல் (வண்டி ஓட்டத்தை அப்படியே போலியா ஓட்டிப் பார்க்கிறது) போட்டிருக்கோம். சராசரிப் பயண நேரம் கொடுத்தா ஒரு வண்டிகூடத் தாமதமாகலை. எங்கே பிழை?

பதில்: சராசரியிலதான். வழியில மார்த்தாண்டம் நெரிசல் காலை 4 மணிக்கு வேற, 8 மணிக்கு வேற. ஜிபிஎஸ் பதிவை மணிவாரியாப் பிரிச்சு, அந்தந்த மணியில பதிவான நேரங்களோட பரவல்லேருந்து (எந்த நேரம் எத்தனை தடவை வந்திருக்குங்கிறது) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாடலையே நேரம் எடுக்க விடுங்க. 500 தடவை ஓட்டி, 100-க்கு 95 ஓட்டம் எத்தனை மணிக்குள்ள சேருதுன்னு பாருங்க.

பதில்: மாடலை வண்டி, சரக்கு எதுவுமில்லாத காலி நிலையில தொடங்குறீங்களா? குறுகிய காலத் திட்டத்தைக் கெடுக்கிறதே அதுதான். இப்ப ஏத்திக்கிட்டிருக்கிற வண்டி, களியக்காவிளை எல்லையில நிக்கிற வண்டி, கட்டாம கிடக்கிற மூட்டை எல்லாம் தொடக்கத்திலேயே உள்ளே இருக்கணும்.

கேட்டவர்: காலியாத்தான் தொடங்கினோம் அண்ணே. பிச்சியும் வாடாமல்லியும் ஒரே சரக்காத்தான் இருக்கு.

பதில்: பிரிச்சிடுங்க. வாடாமல்லி தாங்கும், பிச்சி மொட்டு விரிஞ்சா விலை போச்சு. அதுக்குத் தனிக் கெடு நேரம் வைங்க.