பர்சூட் பிரிடேட்டர்: துரத்தியா, தொடர்ந்தா, கலைத்தா?

விலங்கியல் ஆசிரியை, கோவை:

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதுமலைக்குக் கூட்டிப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆங்கில மூலத்தில் வேட்டை விலங்குகளை ஆம்புஷ் பிரிடேட்டர் (பதுங்கியிருந்து பாய்வது), பர்சூட் பிரிடேட்டர் (விரட்டிப் பிடிப்பது) என்று பிரித்திருக்கிறார்கள். முதலாவது சிக்கலில்லை, புலி பதுங்குவது பாய்ச்சலுக்கு என்று பிள்ளைகளுக்கே தெரியும். 'பதுங்கு வேட்டையாளி' என்று போட்டுவிட்டேன். செந்நாய்க்கு என்ன போடுவது? 'துரத்து வேட்டையாளி' என்று எழுதினால், "எங்கிருந்துங்க துரத்துது, தோட்டத்துல இருந்தா?" என்று சக ஆசிரியர் கேட்கிறார். போதாக்குறைக்கு, வனத்துறை வேலையை நாடும் மாணவர்களுக்கும் மூலத்தில் 'பர்சூ' என்ற அதே வினைதான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் கிடைத்தால் நல்லது என்கிறார் தலைமையாசிரியர்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:

ஒரே சொல் என்ற ஆசையை முதலில் விடுங்கள் அம்மா. நாடுவது வேறு, தேடுவது வேறு, துரத்துவது வேறு. உங்கள் சக ஆசிரியர் கேட்டதில் நியாயம் உண்டு. காக்கையைத் துரத்தினால் அது போய்த் தொலைய வேண்டும். திருடனைத் துரத்தினால் அவன் அகப்பட வேண்டும். பிடிக்கும் நோக்கம் வினைக்குள் இல்லை, யாரைத் துரத்துகிறோம் என்று பார்த்து நாமே சேர்த்துக்கொள்கிறோம். விரட்டுக்கும் இதே கதைதான். 'துர' என்பது பழைய வினை. கணை துரந்தான் என்றால் எய்தான், செலுத்தினான். அதாவது தள்ளிவிடுவதே அடிப்படைப் பொருள். ஆகவே 'பின்தொடர் வேட்டையாளி' என்க.

செந்நாய் என்றதும் ஐங்குறுநூறு நினைவுக்கு வந்தது. பாலை பாடிய ஓதலாந்தையாரின் பாட்டொன்றில், துணையோடு கூடிய ஆண் செந்நாய் குட்டியுள்ள பெண்மானைப் பிடிக்காமல் கடந்து போகும். கையேட்டில் கட்டம் கட்டிப் போடலாமே.

பூச்சியியல் ஆய்வு மாணவர், பெங்களூரு:

> ஆகவே 'பின்தொடர் வேட்டையாளி' என்க

மன்னிக்கணும் ஐயா, இது குழப்பும். சிறுத்தையும்தான் மானை ஓசைப்படாமல் பின்தொடர்கிறது. ஆனால் அது பதுங்கும் வகை. தட்டானைப் பாருங்கள். அது இரையின் பின்னால் ஓடுவதே இல்லை. இரை எங்கே வந்து சேரும் என்று கணித்து, குறுக்கே பறந்து மறிக்கிறது. பறக்கும் வேட்டையாளிகளில் அதைப் போல் குறி தப்பாதது அரிது. அதையும் பர்சூட் வகையில்தான் சேர்க்கிறோம். 'பின்' எங்கே வந்தது?

இன்னொன்று: மான் துரத்தப்படாத ஒரே பாட்டைத் துரத்தலுக்கு எடுத்துக்காட்டாகப் போடச் சொல்கிறீர்களே!

சட்ட மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி:

எனக்கும் இதே தலைவலி உண்டு. 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 111ஆம் உறுப்பு 'ஹாட் பர்சூட்' பற்றியது. தன் கடற்பகுதியில் சட்டம் மீறிய கப்பலை ஒரு நாடு வெளிக்கடல் வரை துரத்தலாம். ஆனால் இடையறாமல் துரத்தியிருக்க வேண்டும். அந்தக் கப்பல் தன் நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் நுழைந்ததும் உரிமை முடிந்துவிடும். நான் 'விடாத் துரத்தல்' என்று எழுதி வருகிறேன். 'விடாத் துரத்தி' செந்நாய்க்கும் பொருந்துமே?

பூச்சியியல் ஆய்வு மாணவர், பெங்களூரு:

செந்நாய்க்கும் ஓநாய்க்கும் பொருந்தும். சிவிங்கிப்புலி (சீட்டா) என்ன செய்யும்? அதன் ஓட்டம் பெரும்பாலும் சில நூறு மீட்டரில் முடிந்துவிடும், மூச்சு வாங்கி நின்றுவிடும். அதுவும் பர்சூட் வகைதான், ஆனால் சீக்கிரமே விட்டுவிடும் துரத்தி.

சொற்பிறப்பு ஆர்வலர், சென்னை:

எல்லாரும் மேலோட்டமாகவே நிற்கிறீர்கள். 'வேள்' என்றால் விரும்பு. அதிலிருந்து வேட்கை, வேட்டல், வேட்டை. நாடலும் துரத்தலும் ஏற்கெனவே 'வேட்டை'க்குள் இருக்கின்றன. தலைமையாசிரியர் கேட்ட ஒரே சொல் இதோ கையில்! வடமொழியிலும் 'ம்ருக்' என்ற வேருக்குத் தேடுதல் என்று பொருள். மிருகம் என்பதே தேடப்படுவது. மார்க்கத்தையும் இதோடு சேர்ப்பாருண்டு, மானின் தடம்தான் வழியாயிற்றாம். எனவே நாடோடி போல 'வேட்டோடி' என்று ஆக்கலாம். தூய தமிழ், நான்கே எழுத்து.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:

வேட்டோடி என்றால் வேட்டுச் சத்தம் கேட்டு ஓடுகிறவன் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் இந்தச் சிக்கலே இல்லை. "நாய் கலைச்சுக்கொண்டு வந்தது" என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கலைத்துப் பிடிக்கிறது என்று சொல்லுங்கோவன். 'கலைப்பு வேட்டை'.

விலங்கியல் ஆசிரியை, கோவை:

இங்கே கூட்டத்தைத்தான் கலைப்போம், ஐயா. எங்க ஊர்ச் சொல் 'முடுக்கு'. நாய் முடுக்குச்சு என்போம். ஆனால் இயற்பியல்காரர்கள் முடுக்கத்தை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'முடுக்கு வேட்டையாளி' என்றால் ஒன்பதாம் வகுப்பில் அலகு கேட்பார்கள்.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'துரத்திப் பிடிக்கும் விலங்குகள்', 'பதுங்கிப் பாயும் விலங்குகள்' என்று கொடுத்துவிட்டேன். பிடிப்பதைச் சேர்த்ததும் சக ஆசிரியர் வாயடைத்துவிட்டார். வேலைக்கு 'வனத்துறையில் சேர விரும்புவோர்'. தலைமையாசிரியருக்கு அரை மனசு.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:

இது விளக்கம், கலைச்சொல் அல்ல. கையேட்டுக்குச் சரி, அகராதிக்கு ஆகாது. தட்டான் துரத்துகிறதா, மறிக்கிறதா என்பதும் அப்படியே கிடக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கையேட்டின் மின்பதிப்பு இங்கத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தால், நான் 'கலைத்துப் பிடிக்கும்' என்று மாற்றித்தான் குடுப்பேன்.

சொற்பிறப்பு ஆர்வலர், சென்னை:

வேட்டோடியை யாரும் இன்னும் இலக்கணப்படி மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.