கமாண்ட் தெரியாதவர் லினக்ஸ் சர்வரை நிர்வகிக்க காக்பிட் போதுமா?

கேள்வி: 15 பேர் ஆபீஸ். ஃபைல் சர்வர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் ஓடுகிறது. அதற்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட் நின்றுவிட்டது. அல்மாலினக்ஸ் 9-க்கு மாறலாம் என்றால், "கறுப்புத் திரையில் யார் டைப் அடிப்பது?" என்கிறார்கள். விண்டோஸ் பழகியவருக்கு, பிரவுசரிலேயே சர்வரை நிர்வகிக்க உதவும் காக்பிட் ஒத்துவருமா?

பதில் 1: அன்றாட வேலைக்குத் தாராளமாக. பேக்கேஜை நிறுவி, காக்பிட் சாக்கெட்டை எனேபிள் செய்யுங்கள். பிரவுசரில் சர்வர் ஐபி, போர்ட் 9090. ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கு) உள்ளே விடாது, நிர்வாக உரிமை தரும் வீல் குழுவில் ஒரு யூசர் வேண்டும். டிஸ்க், லாக், அப்டேட், சர்வீஸ் ரீஸ்டார்ட் எல்லாம் கிளிக்கில் முடியும். ரவுட்டரில் 9090-ஐ மட்டும் வெளியே திறந்துவிடாதீர்கள்; வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் போடுங்கள்.

பதில் 2: இடிக்கும் இடம் சம்பா, அதாவது விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபோல்டரைப் பகிரும் சேவை. காக்பிட்டில் யூசர் சேர்த்தால் லினக்ஸ் பாஸ்வேர்ட் மட்டும்தான் உருவாகும். சம்பா பாஸ்வேர்டைத் தனியாகப் போட வேண்டும். அடுத்தது, ஷேர் கண்ணுக்குத் தெரியும், திறந்தால் அனுமதி மறுப்பு. உடனே 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுப்பார்கள், அதுவும் பலிக்காது. ஃபோல்டரில் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிள் தவறாக இருக்கும். செமானேஜ் கமாண்டில் 'சம்பா ஷேர்' டைப்பைப் பதிந்து, அதை ஃபோல்டரில் அமலாக்க ரெஸ்டோர்கான் கமாண்டை ஓட்டுங்கள். சம்பா பாஸ்வேர்ட், லேபிள் இரண்டுக்கும் டெர்மினல்தான், ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடலாம். எஸ்இலினக்ஸையே அணைப்பது சோம்பேறித்தனம்.

பதில் 3: பழைய மெஷினிலேயேவா? முதலில் பிராசஸரைப் பாருங்கள் சார். அல்மாலினக்ஸ் 9-இன் வழக்கமான பில்டுக்கு எக்ஸ்86-64-வி2 என்ற பிராசஸர் தரம் வேண்டும். இன்டெல் கோர் 2 காலத்துப் பெட்டியில் பூட் ஆகாது.